எண்ணி வைத்துவிட்டுப் போனவர்

என் ஆயுசில் ஒன்பது நாள் நான் சிப்பாயாக இருந்திருக்கிறேன். கையில் மரத் துப்பாக்கி, தலையில் பாகை, அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு. ஒன்பது நாளும் ஒரு வறண்ட ஓடைக்கரையை விடாமல் காத்தோம். யாரிடமிருந்து என்று கேட்டால் சிரிப்பீர்கள். எதிரே வாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களும் எங்களைப் போலவே தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்த ஆட்கள்தான், பெஷாவர் பக்கத்துப் பட்டான்கள். காலையில் எங்களைக் குத்திக் கொன்றுவிட்டு, மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு எங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார்கள்.

எனக்குத் தொழில் சாரம் கட்டுவது. வளைகுடாவில், ருவைஸில், எண்ணெய் ஆலைகளுக்கு இரும்புக் குழாயில் சாரம் கட்டுகிற ஒரு கம்பெனியில் அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஊர் சிவகங்கைப் பக்கம், மழையை நம்பிக் கிடக்கிற பூமி. வெளிநாட்டு சினிமாக்காரர்கள் லிவா போகிற ரோட்டில், பாலைவனத்துக்குள்ளே, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின ஒரு சண்டையைப் படம் எடுக்க வந்தார்கள். கேமரா நிறுத்த, கோட்டைச் சுவர் நிறுத்த சாரம் வேண்டும் என்று எங்கள் கேங்கைக் கேட்டார்கள். போய்க் கட்டிக் கொடுத்தோம். கட்டி முடித்த பிறகு, சிப்பாய் வேஷத்துக்கு இந்திய முகம் போதவில்லை, இந்த ஆட்களையே விட்டுவிட்டுப் போங்கள் என்றார்களாம். கம்பெனியும் சரி என்றுவிட்டது. எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குதித்துக்கொண்டு சம்மதித்திருப்போம், சினிமா அல்லவா!

ஆனால் எனக்கு அந்த நேரத்தில் சினிமா வேண்டியிருக்கவில்லை. எனக்கு லீவு வேண்டும்.

காரணம் என் தங்கச்சி மகள். அவளுக்கு மூன்று வயது. ஒரு வயதிலேயே காது குத்தியிருக்க வேண்டும். "அண்ணன் மடியில வச்சுத்தான் எம்மவளுக்குக் காது குத்துவேன்" என்று தங்கச்சி பிடிவாதமாக நின்றதால் தள்ளிப்போனது. அவளுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். எங்கள் பக்கம் ரெட்டைப்படை வயதில் குத்த மாட்டார்கள். மூன்றை விட்டால் ஐந்துதான். அவள் மாமியார் வீட்டில் இரண்டு வருஷமாக வாய் ஓயவில்லை. "தாய்மாமன் இருக்கானா, இல்ல போட்டோவுல மட்டுந்தானா?" என்று அந்தம்மா கேட்டதைத் தங்கச்சி என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். பங்குனியில், குலசாமி கோயிலில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று. நான் மாலில் போய் சிவப்புக் கல் வைத்த சின்னத் தோடு ஒரு ஜோடி வாங்கி, டப்பாவோடு சட்டைப் பையில் வைத்திருந்தேன். ரூமில் வைக்க மனசு வரவில்லை. எட்டுப் பேர் புழங்குகிற ரூம்.

எங்கள் கேங்குக்கு ஃபோர்மேன் என் பெரியப்பா மகன். அண்ணன். எனக்கு விசா எடுத்துக் கொடுத்து, ஏர்போர்ட்டில் வந்து கூட்டிப் போய், முதல் மாசம் தன் தட்டில் சோறு போட்டவர். குழாயில் கிளாம்ப் மாட்டுவதிலிருந்து சூப்பர்வைசரிடம் எந்த நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது வரைக்கும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். அவர் சொன்னால் நான் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் இறங்குவேன். அப்படித்தான் இருந்தேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அவர் எங்களுக்குப் போட்டிருந்த சட்டம் ஒன்று உண்டு. காலையில் வேலை தொடங்குமுன் விசில் ஊதி எங்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவார். கேங்கில் பீகாரி, நேபாளி எல்லாரும் இருந்ததால் எண்ணிக்கை இந்தியில். ஏக், தோ, தீன் என்று அவனவன் தன் நம்பரைச் சொல்ல வேண்டும். நான் ஏழாவது ஆள், சாத். ஆலைக்குள் கேஸ் அலாரம் அடித்தால் எல்லாரும் ஓடிப்போய் ஒரு பச்சைப் பலகைக்குக் கீழே நிற்போம். அங்கேயும் எண்ணுவார். ஒருமுறை ஒரு நேபாளிப் பையன் அலாரத்தின்போது சொல்லாமல் பாத்ரூம் போய்விட்டான். ஆள் உள்ளே மாட்டிக்கொண்டான் என்று முகமூடி போட்டுக்கொண்டு இரண்டு பேர் உயிரைப் பணயம் வைத்துத் தேடினார்கள். அன்றைக்கு அண்ணன் எங்கள் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். "நான் எண்ணி வச்ச எடத்துல இருக்கணும். நானே வந்து எண்ணி எடுக்குற வரைக்கும் ஒருத்தனும் அசையக் கூடாது. அல்லாவே வந்து கூப்புட்டாலும் போகக் கூடாது, என்ன பாய்?" எங்கள் கேங்கில் மூத்தவர் கீழக்கரைப் பாய். "அவன் கூப்புட்டா ஒங்ககிட்ட லீவு கேட்டுட்டா போக முடியும்?" என்றார் அவர். எல்லாரும் சிரித்தோம். ஆனால் சட்டம் சட்டம்தான்.

லீவு விஷயத்துக்கு வருகிறேன். இன்னும் இரண்டு மாசத்தில் ஆலையில் ஷட்டவுன், ஆலையை நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பார்கள், வேலை தலைக்கு மேல் இருக்கும். அதனால் அதற்கு முன்னால் ஒரு கேங்குக்கு ஒரே ஓர் ஆளுக்குத்தான் லீவு. அது என் முறை. ஃபாரத்தைப் பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட்டு, அண்ணன் கையிலேயே கொடுத்தேன். ஃபோர்மேன் மூலமாகத்தான் ஆபீசுக்குப் போக வேண்டும்.

"நீ கவலய விடுறா. ஷூட்டிங் முடிஞ்ச மறுநாளே நீ பிளைட்டுல இருப்ப. எனக்கும் அவ மருமவதானடா?" என்றார்.

ஷூட்டிங்கில் எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு வெள்ளைக்காரர் வந்தார். ரிட்டயரான பட்டாளத்துக்காரர், எழுபது வயதிருக்கும், நெட்டுக்குத்தாக நிற்பார். அவர் சொல்வதை எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஒரு கோழிக்கோட்டுப் பெண். படத்தில் உதவி டைரக்டர். இந்தி, தமிழ், மலையாளம் எல்லாவற்றையும் கலந்து அடிப்பாள். துப்பாக்கியை எப்படித் தோளில் வைப்பது, முன்வரிசை மண்டியிட்டுச் சுட்டதும் பின்வரிசை எப்படி அடி எடுத்து வைப்பது, இதெல்லாம் மூன்று நாள். சாரக்காரர்களுக்கு அதில் ஒன்றும் சிரமமில்லை. வரிசை, தாளம், பக்கத்து ஆளின் கையைப் பார்த்து நம் கையை நகர்த்துவது, இதெல்லாம் எங்கள் தினப்பாடு. வெள்ளைக்காரர் எங்கள் கேங்கைப் பார்த்து அசந்துபோய் எங்களையே இடது கோடியில் நிறுத்தச் சொன்னார். அண்ணனை எங்களுக்கு ஹவில்தார் ஆக்கினார். கோட்டுக் கையில் மூன்று பட்டை.

நான் அவரிடம் ஒருநாள் அந்தப் பெண் மூலமாகக் கேட்டேன், யாரய்யா இந்தச் சிப்பாய்கள், எதற்காக இந்த ஓடைக்கரையில் நிற்கிறார்கள் என்று. வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்ட இந்தியக் காலாட்படை ஒன்று என்றார். மற்ற படைகள் தோற்றுப் பின்வாங்கியபோது பீரங்கிகளும் அடிபட்டவர்களும் தப்பிப் போகிற வரைக்கும் இந்தக் கரையை விடாதே என்று இவர்களுக்கு உத்தரவு. எல்லாரும் தப்பிப் போய்விட்டார்கள். இனி நீங்களும் கிளம்பலாம் என்று சொல்ல ஒரு குதிரைக்காரனை அனுப்பினார்களாம். அவன் வந்து சேரவே இல்லை.

"அப்பறம்?" என்றேன்.

"அவர் நின்னு, சேட்டா. பின்னே ஆரும் திரிச்சு வந்தில்ல" என்றாள் அந்தப் பெண். நின்றார்கள், ஒருத்தரும் திரும்பி வரவில்லை என்று அர்த்தம்.

"சொல்றதுக்கு ஆளு வரலைன்னா கெளம்பிப் போக வேண்டியதுதானே! கண்ணு இல்லையா, எல்லாரும் போறது தெரியலையா?" என்றேன். வந்த கோபத்தில் நிஜமாகவே அந்தக் கிழவரைத் திட்டுவது போல்தான் கேட்டேன். அவள் அதை எப்படி மாற்றிச் சொன்னாளோ, அவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். ஓடைக்குள் நிற்கிறவனுக்கு முன்னால் வருகிறவன் மட்டும்தான் தெரிவான் என்று சொன்னாராம். பாய் பக்கத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்தார். "நம்ம கேம்ப் பஸ் கதயா இருக்கே. ஏத்துறப்ப கூவிக் கூவி ஏத்துவான், விட்டுட்டுப் போறப்ப சொல்லமாட்டான்" என்றார்.

வேஷம் போட்ட முதல் நாளே அண்ணன் என்னைத் தனியாக நிறுத்தி ஒரு போட்டோ எடுத்தார். "துப்பாக்கியத் தோள்ல போடு. மீசய முறுக்குடா. சிரி. நல்லாச் சிரிடா, தங்கச்சி பாக்கட்டும்" என்றார். சிரித்தேன். பல் அத்தனையும் தெரியச் சிரித்தேன். அந்தப் படத்தை அவர் தன் போனில் வைத்துக்கொண்டார். எனக்கு அனுப்புங்கள் என்றதற்கு அப்புறம் பார்க்கலாம் என்றார். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தேன், நான்தான் சிப்பாய் மிதப்பில் இருந்தேனே.

ஒன்பதாவது நாள் கடைசிக் காட்சி. எல்லாரும் சாகிற இடம். புதன்கிழமை. வியாழன் மாலை எனக்கு பிளைட், டிக்கெட் ஆபீசில் இருக்கிறது என்று அண்ணன் சொல்லியிருந்தார். ஞாயிறு காது குத்து. அண்ணன் எங்களை ஓடையின் இடது கோடிக்குக் கொண்டுபோய் எண்ணினார். அவரோடு சேர்த்து இருபது பேர், அவரை விட்டால் பத்தொன்பது. அந்தக் கோடி ஒரு மணல் மேட்டுக்குப் பின்னால் திரும்பிப் போகிறது. அங்கிருந்து பார்த்தால் கேமராவும் தெரியாது, பஸ்ஸும் தெரியாது. "நான் டைரக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன். எண்ணி வச்சுட்டுப் போறேன், அசையக் கூடாது" என்றார். போகும்போது என் தோளைத் தட்டினார். "பாத்துக்கடா" என்றார். அந்தத் தட்டல் இன்னும் என் தோளில் இருக்கிறது. சே, என்ன மனுஷன்!

கொஞ்ச நேரத்தில் காற்று கிளம்பியது. வடமேற்கிலிருந்து வருகிற காற்று. எங்களுக்கெல்லாம் பழக்கமானதுதான், ஆனால் அன்றைக்கு வந்தது பேய்க்காற்று. ஐந்து நிமிஷத்தில் பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. பாகைத் துணியை அவிழ்த்து மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு ஓடைக்குள் குந்தினோம். தூரத்தில் விசில் கேட்ட மாதிரி இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

"வேலை நின்னுருச்சு தம்பி. இந்தக் காத்துல எவன் படம் எடுப்பான்? எந்திரி, பஸ்ஸுக்குப் போவம்" என்றார் பாய்.

நான்தான் தடுத்தேன். அதை மறைக்க மாட்டேன். "அண்ணே எண்ணி வச்சுட்டுப் போயிருக்காரு. அவரு வந்து எண்ணி எடுக்காம ஒருத்தனும் போகக் கூடாது. நாம அங்க போயி அவரு நம்மளத் தேடி இந்தக் காத்துல இங்க வந்துட்டா?" என்றேன். ஒரு பீகாரிப் பையன் எழுந்து இரண்டடி வைத்தான். மரத் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்து அவனைத் திரும்ப உட்கார வைத்தேன். "பைட்டோ, ஆயேகா" என்றேன். வருவார் என்று நான் நம்பினேன் ஐயா. கண்ணில் மணல், பல்லுக்குள் மணல். கோட்டுக்கு உள்ளே சட்டைப் பையில் தோட்டு டப்பா இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பாய்க்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை.

கடைசியில் ஹெட்லைட் போட்டுக்கொண்டு ஒரு பிக்கப் வந்தது. கோழிக்கோட்டுப் பெண்தான் ஓட்டி வந்தாள். எங்களைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். காற்று வந்த உடனேயே எல்லாரையும் விசில் அடித்துக் கூப்பிட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். எங்களைக் காணோம் என்று ஒரு ஈ காக்கைக்கும் தெரியவில்லை. பிறகு எப்படி வந்தாள் என்றால், துணிமணி வைக்கிற கூடாரத்தில் கணக்குப் பார்த்தபோது கோட்டு பத்தொன்பது குறைந்திருக்கிறது. கோட்டைத் தேடித்தான் வந்திருக்கிறாள்.

"எங்க ஹவில்தார் எங்கம்மா? அவரும் மாட்டிக்கிட்டாரா?" என்று கேட்டேன். அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை.

"ஃபோர்மேன் சேட்டனோ? அவர் காத்து வரும் முன்னமே போயி. கோட்டு மடக்கிக் கொடுத்துட்டாணு போயது. இன்னைக்கு பிளைட் உண்டுன்னு பறஞ்சு, நாட்டுல காது குத்துன்னு" என்றாள்.

பிக்கப்பில் பின்னால் உட்கார்ந்திருந்த பதினெட்டு பேரில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், விளங்கிவிட்டது, விளங்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கேம்ப்புக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஆபீசுக்கு ஓடினேன். லீவுப் பேப்பர் எல்லாம் பார்க்கிற டைம்கீப்பர் திருநெல்வேலிக்காரர். கம்ப்யூட்டரைப் பார்த்தார், ஃபைலைப் புரட்டினார். "ஒம்பேர்ல பேப்பரே வரலியேப்பா. ஒங்க கேங்குல லீவு ஃபோர்மேனுக்குல்லா போட்ருக்கு. பத்து நாளைக்கு முன்னாடியே போட்டாச்சே" என்றார். பத்து நாள் என்றால் நான் ஃபாரம் கொடுத்த மறுநாள். என் ஃபாரத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, தன் ஃபாரத்தைக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் என் பக்கத்திலேயே நின்று துப்பாக்கி பிடித்திருக்கிறார். அடப்பாவி மனுஷா!

மறுநாள் காலையில் மேனேஜரிடம் போய் நின்றேன். காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன், எனக்கு நாலே நாள் போதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரில் இருந்தால் போதும் என்று. அவர் நல்ல மனுஷர்தான், சிரித்துக்கொண்டே ஒரு பேப்பரை எடுத்துக் காட்டினார். ஃபோர்மேன் இல்லாத நாட்களில் கேங்கைப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் ஆளில்லை என்று அண்ணன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நம்பிக்கையானவன், சொன்ன இடத்தை விட்டு நகர மாட்டான் என்று எழுதியிருக்கிறாராம். மேனேஜர் அதைப் படித்துக் காட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணனின் விசிலை என் கையில் கொடுத்தார்.

அந்த விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆட்களை எண்ணினேன். ஏக், தோ, தீன், சார், பாஞ்ச், சே. ஏழாவது இடத்தில் யாரும் இல்லை. நான்தான் எதிரே நிற்கிறேனே. பாய் மெதுவாக, "சொல்லு தம்பி, சாத்" என்று எடுத்துக் கொடுத்தார். இருமிக்கொண்டேதான் சொன்னார்.

வர முடியவில்லை என்று சொல்லத் தங்கச்சிக்கு இரண்டு நாளும் போன் போட்டேன், அவள் எடுக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, மெஸ்ஸில் தட்டோடு நிற்கும்போது குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. குலசாமி கோயில் ஆலமரத்தடி. எங்கள் பாப்பா மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, பட்டுப் பாவாடை கட்டி, வாயைப் பிளந்து அழுகிறாள். பத்தர் குனிந்து காதைப் பிடித்திருக்கிறார். பாப்பா உட்கார்ந்திருப்பது அண்ணன் மடியில். தலையில் உருமா கட்டி, சரிகைக் கரை வேட்டியோடு சம்மணம் போட்டு, ஒரு கையால் பிள்ளையின் நெற்றியை அணைத்துப் பிடித்திருக்கிறார், மறு கையில் பச்சைக் கல் தோட்டு டப்பா. முறை தப்பென்று ஒருத்தரும் சொல்ல முடியாது. பெரியப்பா மகன் என்றால் அவரும் தங்கச்சிக்கு அண்ணன்தான், பிள்ளைக்கு மாமன்தான். லீவைத் திருடினார், சரி, ஊரைப் பார்க்க ஆசைப்பட்டிருப்பார் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். அந்த மடியில் போய் உட்காருவார் என்று நான் நினைக்கவே இல்லை. சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்து அழுதேன். பார்த்தவன் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று சத்தமாகவே அழுதேன்.

தங்கச்சிக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"என்னண்ணே, சினிமா முடிஞ்சுதா?" என்றாள்.

"என்னத்தா சொல்ற?"

"பெரியண்ணே எல்லாத்தையுஞ் சொல்லுச்சு. லீவு குடுத்தும் வேண்டாம்னுட்டியாம்ல. இப்புடி சான்ஸு திரும்ப வராதுன்னியாம். போட்டோவும் காட்டுச்சு. எங்க மாமியா அத வாங்கி எல்லாருக்கும் காட்டுறாக, பாருங்க எம்மருமவளோட அண்ணனன்னு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கிறலாம் போல இருந்துச்சுண்ணே."

"ஆத்தா, அது பொய்யி. நான் லீவு கேட்டேன். அவருதான்…"

"அப்ப ஏண்ணே அந்தப் போட்டோவுல அப்புடிச் சிரிக்கிற?"

சிரிக்கச் சொன்னார், சிரித்தேன் என்றேன். எனக்கே அது கேவலமாகக் கேட்டது. "இருக்கட்டும்ணே. பெரியண்ணனாவது வந்துச்சு, எம் மானத்தக் காப்பாத்துச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒரு மாசம் கழித்து அண்ணன் திரும்பி வந்தார். ரூமில் எல்லாரும் வெளியே போகிற வரைக்கும் காத்திருந்து எதிரே போய் நின்றேன். அடித்துவிடுவேன் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் பெட்டியைத் திறந்து ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கை எடுத்து எனக்கு நீட்டினார்.

"ஏண்ணே இப்புடிச் செஞ்சீங்க?"

"நாலு வருசமாச்சுடா நான் ஊருக்குப் போயி. ஒவ்வொரு தடவையும் எவனுக்காச்சும் விட்டுக் குடுத்துட்டு நின்னேன். எம்மவன் போன்ல எங்கிட்டப் பேசவே வரமாட்டேங்கிறான்" என்றார்.

"எங்கிட்டக் கேட்டுருக்கலாம்ல?"

"கேட்டுருந்தா குடுத்துருப்பியா?"

"குடுத்துருக்க மாட்டேன்."

"அதான் கேக்கல" என்றார். கொஞ்சம்கூடக் கூசவில்லை. "மடி காலியா கெடக்கக் கூடாதுன்னுதாண்டா நான் உக்காந்தேன். வேற எவனையாச்சும் உக்கார வச்சிருப்பாக" என்று வேறு சேர்த்துக்கொண்டார். அதையும் எனக்காகச் செய்த மாதிரி! முறுக்கை அவர் பெட்டியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். மறுநாள் அவர் எண்ணும்போது என் நம்பரைச் சொல்ல மாட்டேன். எண்ணிக்கை முடியாமல் கேங் வேலைக்கு ஏற முடியாது. சூப்பர்வைசர் வருவார், ஏன் என்று கேட்பார், எல்லார் முன்னாலும் சொல்வேன், இந்த ஆள் எண்ணி வைத்த ஆளை விட்டுவிட்டுப் போகிறவர், இவர் எண்ணிக்கையில் நான் இல்லை என்று. பஸ்ஸில் போகும்போதே வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். வரிசையில் நின்றோம். அண்ணன் விசிலை ஊதினார். ஏக் வந்தது, தோ வந்தது. என் பக்கத்தில் நின்ற நேபாளி "சே" என்றான்.

"சாத்" என்றது என் வாய்.

அப்படியே தானாக வந்துவிட்டது. அடுத்தவன் ஆட் என்றான், எண்ணிக்கை நகர்ந்து போய்விட்டது. அண்ணன் என்னைப் பார்க்கக்கூட இல்லை. அவர் மேல் வந்த கோபத்தைவிட அன்றைக்கு என் நாக்கின் மேல் வந்த கோபம்தான் பெரிது. சாரத்தின் உச்சிக்கு ஏறி உட்கார்ந்து கிளாம்ப்பை முறுக்கு முறுக்கு என்று முறுக்கினேன்.

அடுத்த வருஷம் எனக்கு லீவு கிடைத்தது. ஃபாரத்தை நானே ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்து, சீல் போட்ட நகலை வாங்கி வைத்துக்கொண்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போனபோது அவள் சிரித்த முகமாகத்தான் வரவேற்றாள், கறி எடுத்துச் சமைத்தாள். நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். டைம்கீப்பர் சொன்னது, பத்தொன்பது கோட்டு, எல்லாம். தலையை ஆட்டிக் கேட்டாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. "முடிஞ்சு போச்சு, இப்ப எதுக்குண்ணே அது" என்றுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பாப்பா கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். நாலு வயது. முடி வளர்ந்து ரெட்டைச் சடை போட்டிருந்தாள்.

"யாரு வந்துருக்கா பாரு, மாமாடி" என்றாள் தங்கச்சி உள்ளேயிருந்து.

"மாமா இல்ல. போன்ல இருக்க சிப்பாயி" என்றாள் பாப்பா.

நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து சிவப்பு டப்பாவை எடுத்துத் திறந்து, வாடா தங்கம், மாமா மடியில வந்து உக்காரு என்று கையை நீட்டினேன். அவள் மெல்ல வந்து, மடிக்கு ஓரடி தள்ளி நின்று, டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். சிவப்புக் கல்லை ஒரு விரலால் தொட்டாள். அப்புறம் அதே விரலால் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். அதில் பச்சைக் கல் வைத்த தோடு இருந்தது.

"எனக்குத்தான் இருக்கே" என்றாள். சொல்லிவிட்டு அம்மாவிடம் ஓடிப்போனாள்.